‘பயப்பட வேண்டாம்’ என்று எழுதிய தாள்

ஆஷிஃபா நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். ஒரு கையில் தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், போனில் யாராவது ஒரு வாடிக்கையாளர். காஞ்சிபுரத்தில் சரிகைக் கடை வைத்திருக்கும் அவள் கணவன் இம்ரான், "உக்காந்து துன்னா ஒடம்புல ஒட்டும்மா" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். முப்பத்தெட்டு வயது. பி.சி.ஏ. முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு வருஷம் பாடம் எடுத்தாள். சென்டரை மூடியபோது, அங்கே சொல்லிக்கொடுத்த ஆக்சஸை வைத்தே சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கினாள்.

ஆக்சஸ் என்பது தகவல்களை அட்டவணைகளாகச் சேர்த்து வைக்கும் மென்பொருள். அதற்குள் மேக்ரோ என்று சின்னச் சின்னக் கட்டளைகளை எழுதி வைத்தால் வேலைகள் தானாக நடக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும், இன்று யாருக்கு ஊசி, நாளை யார் வர வேண்டும், யார் வராமல் விட்டார்கள் என்று பட்டியல் வந்து நிற்கும்படி அவள் ஒன்றை எழுதினாள். ‘நினைவு’ என்று பெயர் வைத்தாள். பெரிய மென்பொருள்கள் கட்டுப்படியாகாத சின்ன இடங்களுக்கு அது பிடித்துப்போனது. மூன்று பல் மருத்துவர்கள், இரண்டு ரத்தப் பரிசோதனை நிலையங்கள், ஒரு மாட்டு மருத்துவர், டாக்டர் தில்லையம்மாளின் பிரசவ மருத்துவமனை என்று மொத்தம் பதினான்கு இடங்கள்.

ஆரம்பத்திலிருந்தே ஒரு தொல்லை இருந்தது. ‘நினைவு’ கோப்பைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு பட்டை வரும். இதில் மேக்ரோ இருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம், வேண்டுமானால் அனுமதி கொடு என்று ஆங்கிலத்தில் சொல்லும். "அதுல ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிட்டுப் போய்க்கினே இருங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். 2022-இல் விஷயம் மாறியது. மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த கோப்பாக இருந்தால் மஞ்சளுக்குப் பதில் சிவப்புப் பட்டை வந்தது. அனுமதி கொடுக்கிற பொத்தானே அதில் இல்லை.

அவள் ஒவ்வொரு திருத்தத்தையும் மெயிலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். "வைரஸ்னு சொல்லுதுமா", "செவப்பா வருதுபா, கெட்டுப் போச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பதினான்கு இடத்துக்கும் ஸ்கூட்டியில் போய் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அரை நாள் உட்கார்ந்தால் இதை ஒழுங்காகச் சரிசெய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். உட்காருவதுதானே அவளால் முடியாத காரியம். ஒரு தாளில் மூன்று படிகளைப் படத்தோடு அச்சடித்தாள். கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கு, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போ, ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தில் டிக் போடு. மேலே பெரிய எழுத்தில் ‘சிவப்புப் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம்’ என்று போட்டாள். சில இடங்களில் அவளே போய் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டும் வந்தாள். தொல்லை தீர்ந்தது.

மறு வருஷம் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு ஏஞ்சல் கூப்பிட்டாள். தில்லையம்மாளின் மருத்துவமனையில் வரவேற்பு, பதிவு, போன் எல்லாம் ஏஞ்சல்தான். இருபத்தாறு வயது. எதற்கும் பதறாதவள், அன்று பதறினாள்.

"அக்கா, எல்லா ஃபைலும் பேரு மாறிப்போச்சுக்கா. எதத் தொறந்தாலும் தொறக்க மாட்டேங்குது. இங்கிலீஷ்ல ஒரே ஒரு மெசேஜ் மட்டும் வந்துக்கினு இருக்குது."

"நெட் கேபிளப் புடுங்கு. எதையும் தொடாத. நான் வரேன்."

பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்கு நெசவுக்கான பாவு நூலைக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியைத் திருப்பி அடுத்த தெரு வழியாகச் சுற்றினாள். அங்கேயும் பாவு. வண்டியை ஒரு வீட்டோரம் சாத்திவிட்டு நடந்தாள், கொஞ்ச தூரத்தில் ஓடினாள்.

திரையில் இருந்த செய்தியை ஒருமுறை படித்ததுமே புரிந்துவிட்டது. கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்றது. ‘நினைவு’ போயிற்று. கூடவே அது தினமும் எடுத்து வைத்த நகலும் போயிற்று. அந்த நகல் பென் டிரைவில் இருந்தது, பென் டிரைவைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொண்டது.

"என்னா தொறந்த?"

"மருந்து கம்பெனி பேர்ல மெயில் வந்துச்சுக்கா, புது ரேட் லிஸ்ட்டுன்னு. எக்செல் ஃபைலு. தொறந்தா செவப்புப் பட்டை வந்துச்சு." ஏஞ்சல் மானிட்டரின் ஓரத்தைக் காட்டினாள். "நீங்க ஒட்டி வெச்சிருக்கீங்களே, அதப் பாத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அப்பிடியே பண்ணேன்."

அந்தச் சிவப்புப் பட்டை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அதைத் தாண்டிப் போக வழி எழுதிக் கொடுத்தது அவள்தான்.

உள்ளே வார்டிலிருந்து டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அவள் கை அந்தத் தாளைப் பிய்த்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் போட்டுவிட்டது. ஏஞ்சல் அதைப் பார்த்தாள்.

தில்லையம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது. அதிகம் பேசமாட்டார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பணம் அனுப்புவதில்லை, போலீஸில் புகார் கொடுப்போம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"இந்த வாரம் யாருக்கெல்லாம் நெகடிவ் ஊசி?"

யாருக்கும் தெரியவில்லை. தாய்க்கு ரத்தம் நெகடிவ் வகையாக இருந்து, வயிற்றுக் குழந்தைக்குப் பாசிடிவாக இருந்துவிட்டால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தையே எதிர்க்க ஆரம்பிக்கலாம். அதைத் தடுக்க இருபத்தெட்டாவது வாரத்தை ஒட்டி ஓர் ஊசி போடுவார்கள். யாருக்கு வாரம் நெருங்குகிறது என்று ‘நினைவு’ தினமும் சொல்லும், ஏஞ்சல் போன் செய்து வரச்சொல்லுவாள். அந்தப் பெண்களின் பேர், ஊர், போன் நம்பர், வாரக் கணக்கு எல்லாம் பூட்டிய கோப்புக்குள் கிடந்தன.

"நாலஞ்சு நாள் தள்ளிப் போனா சமாளிக்கலாம். மறந்தே போயிட்டாத்தான் ஆபத்து" என்றார் டாக்டர். பிறகு ஏஞ்சல் பக்கம் திரும்பினார். "தெரியாத மெயில எதுக்குத் தொறந்த? இந்த மாசத்தோட நின்னுக்கோ."

ஏஞ்சல் தலையைத் திருப்பி ஆஷிஃபாவைப் பார்த்தாள். ஆஷிஃபா தரையைப் பார்த்தாள். டாக்டர் போய்விட்டார்.

அன்று மதியம் பூட்டிய கோப்புகளைத் திறக்க ஆஷிஃபா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். சென்னையில் கூடப் படித்த ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டாள். "சாவி இல்லாம நடக்காது, விட்டுடு" என்றாள் அவள். ஆஷிஃபாவின் லேப்டாப்பில் ஒரு பழைய நகல் இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தையது. அதில் இருந்த பெண்களெல்லாம் பிள்ளை பெற்றுவிட்டவர்கள்.

கடைசியில் உதவியது மருத்துவமனையின் பரிசோதனை அறையில் கிடந்த ஒரு நோட்டு. ரத்த வகை பார்த்ததும் கையால் எழுதி வைக்கிற பழக்கம் அங்கே நிற்கவில்லை. பேர், வயது, வகை, தேதி, அவ்வளவுதான். ஆஷிஃபாவும் ஏஞ்சலும் பக்கம் பக்கமாகப் புரட்டி நெகடிவ் பேர்களை எடுத்தார்கள். ஆறு பேர். நால்வரின் நம்பர் ஏஞ்சலின் போனிலேயே, வந்த அழைப்புகளுக்குள் கிடைத்தது. ஐந்தாவது, ஷாஸியா, ஒலிமுகமதுபேட்டையில் ஆஷிஃபாவின் பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

ஆறாவது பேர் சுகாசினி. வயது இருபத்து மூன்று. ஓ நெகடிவ். நோட்டில் இருந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்ட டாக்டர், இருபத்தெட்டு தாண்டியிருக்கும் என்றார்.

"மாமியாரோட வருவாக்கா" என்று யோசித்தாள் ஏஞ்சல். "கூரம்னு சொன்னா மாதிரியும் இருக்குது, திருப்பருத்திக்குன்றம்னு சொன்னா மாதிரியும் இருக்குது."

அந்த இரண்டு நாளும் தாள் கைப்பைக்குள்ளேயே இருந்தது. சாவி எடுக்கக் கை விட்டால் விரலில் படும். எடுத்துக் கிழித்துப் போடலாம், போடவில்லை. சொல்லிவிடலாம், சொல்லவும் இல்லை. வீட்டில் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். குக்கர் விசிலை எண்ண மறந்து அடிப்பிடிக்க விட்டாள். இம்ரான், "இன்னாச்சு ஆஷி?" என்றான். "வேலை" என்றாள். "வேல எப்பவும் தான் இருக்குது, இது வேற" என்று அவன் விட்டுவிட்டான்.

புதன்கிழமை திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனாள். அங்கன்வாடி அம்மா தன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே கர்ப்பமாக இல்லை என்றார். வியாழக்கிழமை காலை கூரம். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களிடம் கேட்டாள். "கங்கையம்மா மருமவளாட்டம் இருக்குது" என்று ஒருத்தி வழி காட்டினாள்.

கங்கையம்மாள் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். ஆஷிஃபா வண்டியை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர், ஊசி, அவசரம் என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

கங்கையம்மாள் தழையைக் கட்டி முடித்தாள். "யாரும்மா நீ? உன்ன ஆஸ்பத்திரில நான் பாத்ததே இல்லியே."

"நான் அங்க கம்ப்யூட்டர் வேலை பாக்கறவம்மா. சுகாசினி எங்க இருக்காங்க? போன் நம்பர் மட்டும் குடுங்க."

"அதெப்பிடிக் குடுப்பன்? போன மாசம் கேஸ் ஆபீஸ்னு சொல்லிக்கினு ஒருத்தன் வந்தான். சட்டயில பேரு கூடப் போட்டிருந்தான். பக்கத்து வூட்டுல சிலிண்டரத் தூக்கிக்கினு போயிட்டான்."

ஆஷிஃபா தன் போனை நீட்டினாள். "இந்தாங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போட்டுத் தரேன், நீங்களே பேசுங்க."

"உன் போன்ல யாரு பேசினா எனக்கு இன்னா தெரியும்? உன் தங்கச்சியே பேசினாலும் டாக்டருன்னு தான் சொல்லுவா. நீ இங்கயே நில்லு."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய மருந்துச்சீட்டு ஒன்றை எடுத்து வந்தாள். அதில் அச்சடித்திருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் போனிலிருந்து போட்டாள். ஆஷிஃபாவுக்குக் கால் தரிக்கவில்லை. நேரம் ஓடுகிறதே என்று பல்லைக் கடித்தாள். அந்தப் பக்கம் ஏஞ்சல் எடுத்தாள்.

"ஏம்மா, நான் கூரம் கங்கையம்மா. என்ன உனக்குத் தெரியுமா? சரி, போன வாட்டி வந்தப்போ நான் அங்க இன்னாத்தையோ வெச்சிட்டு வந்துட்டன், அது இன்னா சொல்லு."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தெளிந்தது. "ஆமா, பச்சக் கொடதான். அதப் பத்திரமா வையி. இங்க ஒரு பொண்ணு வந்து நின்னுக்கினு இருக்குது, உங்காளு தானா? சரி, சரி."

போனை வைத்ததும் வேறு ஆளாகிவிட்டாள். "அவ ஆத்தா வூட்டுல இருக்குறா, செவிலிமேட்டுல. வளகாப்பு முடிஞ்சு போனவ. நானும் வரேன், வண்டிய எடு. ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறியா?"

ஆஷிஃபா வாங்கிக் குடித்தாள். அவசரத்தில் பாதித் தண்ணீர் சுடிதாரில் சிந்தியது. இந்த அம்மாள் இரண்டே நிமிஷத்தில் செய்ததை ஏஞ்சலும் செய்திருப்பாள், தான் மட்டும் வேறு விதமாகப் பழக்கியிராவிட்டால் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளைக் குத்தியது.

கங்கையம்மாளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து செவிலிமேட்டுக்குப் போனாள். பாலாற்றுப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றின் மாடியில் சுகாசினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "போன் பண்ணுவோம்னு சொன்னாங்க, அதான் இருந்தேன்" என்றாள் சாதாரணமாக. ஆட்டோ பிடித்தார்கள். ஆஷிஃபா முன்னால் ஸ்கூட்டியில் போய்க்கொண்டே, ஆட்டோ பின்னால் வருகிறதா என்று நிமிஷத்துக்கொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தெட்டு வாரம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. டாக்டர் பரிசோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். "பயமில்ல. சரியான நேரம்தான்" என்றார். சுகாசினியைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாமியாருக்கு அவளுடைய பச்சைக் குடை திரும்பக் கிடைத்தது.

எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆஷிஃபா வாசல் வரை போனாள். ஸ்கூட்டிச் சாவிக்காகப் பைக்குள் கை விட்டாள், மடித்த தாள் விரலில் பட்டது. திரும்பி டாக்டரின் அறைக்குள் போனாள். தாளை எடுத்துப் பிரித்து மேசை மேல் வைத்தாள்.

"இது அந்தக் கம்ப்யூட்டர்ல ஒட்டியிருந்தது, டாக்டர். நான் எழுதினது. இதப் பாத்துத்தான் ஏஞ்சல் அந்த ஃபைலத் தொறந்தா. அன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் கிழிச்சு வெச்சுக்கிட்டேன்."

தில்லையம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தலைப்பை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "சிவப்புப் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம்." பிறகு ஏஞ்சலைக் கூப்பிட்டார்.

"இவ இதக் கிழிச்சது உனக்குத் தெரியுமா?"

"பாத்தேன் டாக்டர்."

"வேலைய விட்டு நில்லுன்னு சொன்னேனே, அப்பவாவது ஏன் சொல்லல?"

ஏஞ்சல் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "அக்காவே சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

யாரும் சொல்லாமலேயே ஆஷிஃபா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "தப்புதான் ஏஞ்சல்" என்றாள். "ரெண்டு நாளு உன்ன..."

"மருந்துச்சீட்டுல நான் தப்பா எழுதி, நர்ஸ் அப்படியே குடுத்தா, அது என் தப்பு" என்றார் டாக்டர். குரலில் கனிவு இல்லை. "ஏஞ்சல், நீ நாளைக்கு எப்பவும் போல வா. ஆஷிஃபா, இனிமே இங்க எல்லாம் நோட்டுலயும் எழுதுவோம். உன் மென்பொருள ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டா. அதுக்குள்ள இந்தப் பட்டை வராத மாதிரி உன்னால பண்ண முடியுமா?"

"முடியும் டாக்டர். முன்னாடியே முடியும். பண்ணல."

"பண்ணு."

மறுநாளே கிளம்பினாள். பதினான்கு இடங்கள், இடத்துக்கு அரை நாள். முதலில் மானிட்டர் ஓரத்துத் தாளைப் பிய்த்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘நினைவு’க்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதை மட்டும் நம்பலாம் என்று பதிந்தாள். தன் பேரில் ஒரு மின் கையெழுத்து உருவாக்கி, அந்தக் கையெழுத்து இல்லாத மேக்ரோ எதுவும் ஓடாதபடி வைத்தாள். இனிமேல் ‘நினைவு’ திறந்தால் எந்தப் பட்டையும் வராது. திருத்தங்களை மெயிலில் அனுப்புவதில்லை, நேரில் கொண்டுவருவேன் என்றாள். நகல் எடுக்கிற பென் டிரைவைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிக் கொடுத்தாள். என்ன நடந்தது என்பதையும் எல்லா இடத்திலும் சொன்னாள். மருத்துவமனையின் பேரைச் சொல்லவில்லை, தன் தாளைப் பற்றிச் சொன்னாள்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. பல் மருத்துவர் குமரகுரு கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஒரு வருஷமா இத ஒட்டி வெச்சிருக்கோம். எங்க கதவையும் நீங்கதானே தொறந்து வெச்சீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேறு ஓர் இடமும் விட்டுப் போனது. அவர்கள் விட்டுப்போன இரண்டு நாளும் அவள் இம்ரானிடம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுத்த இடத்துக்குக் கிளம்பினாள். ஒவ்வோர் இடத்திலும் அரை நாள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. காலை ஆட்டிக்கொண்டே, நகத்தைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

டிசம்பரில் சுகாசினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஓ பாசிடிவ். பிரசவத்துக்குப் பிறகு போட வேண்டிய இரண்டாவது ஊசியை மறுநாளே போட்டார்கள். அதை ஏஞ்சல் நோட்டில் எழுதினாள், பிறகு திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த ‘நினைவு’ மென்பொருளிலும் பதிந்தாள். ஏஞ்சல் ஆஷிஃபாவை இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு முறை, "ஏன்க்கா?" என்று கேட்கிறாள். பதில் தெரிந்த பிறகுதான் செய்கிறாள்.

ஒவ்வோர் இடத்திலும் ஆஷிஃபா வாயால் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான்: "செவப்போ மஞ்சளோ, எது வந்தாலும் நிறுத்திடுங்க. எனக்குப் போன் பண்ணுங்க. வந்த மெசேஜ்ல இருக்கற நம்பருக்கு இல்ல, உங்க போன்ல இருக்கற என் நம்பருக்கு." அதன் விளைவு, அவள் போன் ஓய்வதில்லை. ‘நினைவு’க்குச் சம்பந்தமே இல்லாத எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள். கரண்ட் பில், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை, எவனோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து. அவளுக்கு எரிச்சலாகவும் வருகிறது, எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

போன வாரம் மாட்டு மருத்துவர் அப்பாதுரை ஏதோ கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது.

"ஆஷிஃபாம்மா, வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துருக்குது. தொறக்கலாமா?"

"யாரு கல்யாணம் டாக்டர்?"

"அதான் தெரியல."

"அனுப்புனது யாரு?"

"நம்ம பல் டாக்டர் குமரகுருதான். ஆனா அவன் பொண்ணு ஆறாவது படிக்குதேம்மா."

"தொறக்காதீங்க. மொதல்ல குருவுக்குப் போன் போட்டு, அவரு அனுப்புனாரான்னு கேளுங்க."

"ஒரு கை மாட்டுக்குள்ள இருக்குதும்மா. முடிச்சிட்டுக் கேக்கறன்" என்றார் அப்பாதுரை.